லாரிக் கணக்கும் டேபிள் முடிச்சும்

பொட்டி தட்டறவங்களுக்கு மட்டும்னு நெனச்சு ஓடிராதீங்க மக்களே. இது கணக்கு நோட்டு பத்தின பதிவு. வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் எழுதிக் கூட்டத் தெரிஞ்ச யாருக்கும் புரியும். நடுவுல கொஞ்சம் ஜாங்கோ வரும், கொஞ்சம் எஸ்.க்யூ.எல் வரும். கோடு எதையும் இங்க ஒட்டப் போறதில்ல, கதையாவே சொல்லிடறேன்.

எங்க பக்கம் லாரி ஊரு. சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் எல்லாமே அப்படித்தான். 1997 ஜனவரி 1ல நாமக்கல் தனி மாவட்டமாப் பிரிஞ்சுது, ஆனா லாரிக்கு அந்தக் கோடெல்லாம் தெரியாது. நாமக்கல்னா முட்டை, பாடி கட்டற பட்டறை, கேஸ் டேங்கர். திருச்செங்கோடுன்னா போர் போடற ரிக் வண்டி. சங்ககிரின்னா சிமெண்ட். சேலம்னா ஜவ்வரிசி. வடநாட்டுல எந்த ரோட்டோர தாபாவுல வண்டிய ஓரங்கட்டுனாலும் டிஎன் 28, டிஎன் 34, டிஎன் 52னு ஏதாவது ஒண்ணு கண்ணுல படும். எங்காளுங்க சொந்தத்துல ஒருத்தராவது ஓனரா இருப்பாங்க, இல்ல டிரைவரா இருப்பாங்க, இல்ல புக்கிங் ஆபீஸ்ல உக்காந்திருப்பாங்க.

ஒரு நடை கணக்கு எப்படி இருக்கும்னு முதல்ல பாத்துடலாம். வண்டி லோடு ஏத்திக் கெளம்பறப்ப டிரைவர் கையில ஓனர் கொஞ்சம் அட்வான்ஸ் குடுப்பாரு. பாதி வழியில பத்தலைன்னு போன் வரும், இன்னும் கொஞ்சம் அனுப்புவாரு. லோடு இறக்கற ஊர்ல, ரிட்டன் லோடுக்குக் காத்திருக்கறப்ப, மறுபடி கொஞ்சம். அந்தக் காசுல டிரைவர் செலவு பண்ணுவாரு. டீசல், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், பேட்டா, அப்புறம் ரசீதே இல்லாத சில செலவு (அதப் பத்தி இங்க பேச வேண்டாம்). டோல் மட்டும் 2021 பிப்ரவரியில ஃபாஸ்டேக் கட்டாயமானதுக்கப்புறம் ஓனர் கணக்குலருந்தே நேரா போயிடுது. வண்டி திரும்பி வந்ததும் வாங்குனதுலருந்து செலவக் கழிச்சா மிச்சம். அத டிரைவர் திருப்பிக் குடுக்கணும், இல்ல அடுத்த நடைக்குப் பாக்கியா நிக்கும். அவ்வளவுதான் கணக்கு.

*

இத கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா எல்லாத்தையும் ஒரே நீளப் பட்டியலா எழுத முடியாது. ஒரு நடையில அட்வான்ஸ் மூணு தடவ இருக்கலாம், செலவு பத்து வரி இருக்கலாம். ஒவ்வொரு வரியிலயும் வண்டி நம்பர், டிரைவர் பேரு, அவரு போன் நம்பர்னு திருப்பித் திருப்பி எழுதுனா, நாளைக்கு அவரு சிம்ம மாத்துனதும் ஆயிரம் எடத்துல திருத்தணும். ஒரு எடத்துல விட்டுப்போனாலும் ஒரே ஆளு ரெண்டு ஆளாயிடுவாரு.

அதனால தனித்தனி டேபிள். வண்டிக்கு ஒண்ணு, டிரைவருக்கு ஒண்ணு, நடைக்கு ஒண்ணு, அட்வான்சுக்கு ஒண்ணு, செலவுக்கு ஒண்ணு. நடை டேபிள்ல வண்டியோட வரிசை எண்ணும் டிரைவரோட வரிசை எண்ணும் மட்டும் இருக்கும். அட்வான்ஸ் டேபிள்லயும் செலவு டேபிள்லயும் நடையோட வரிசை எண் இருக்கும். இந்த எண்ணுக்குத்தான் ஃபாரின் கீன்னு பேரு. அயல் சாவின்னு சொல்லிக்கலாம். வண்டி நம்பர் பிளேட்டையே சாவியா வெச்சா என்னன்னு கேப்பீங்க. வண்டிய வேற மாநிலத்துக்காரருக்கு வித்து அங்க மறுபதிவு பண்ணுனா பிளேட்டே மாறிடும். சாவி மாறக்கூடாது.

இந்த யோசனைக்கு மூலவர் எட்கர் காட். ஐ.பி.எம் கம்பெனியில கலிபோர்னியாவுல வேலை பாத்த இங்கிலாந்துக்காரர். 1970 ஜூன்ல ஒரு கட்டுரை எழுதுனாரு, ரிலேஷனல் டேட்டாபேஸ்ங்கற சங்கதியே அங்கருந்துதான் கெளம்புது. நம்மள்ல நெறைய பேரு டேபிளுக்கும் டேபிளுக்கும் இருக்கற உறவுதான் ரிலேஷன்னு நெனச்சுட்டு இருக்கோம். காட் சொன்னது அதில்ல. கணிதத்துல ரிலேஷன்னு ஒண்ணு இருக்கு, அதத்தான் சொன்னாரு. ஒரு டேபிள்தான் ஒரு ரிலேஷன். தகவல் மெஷினுக்குள்ள எப்படி அடுக்கி வெச்சிருக்குன்னு தெரியாமயே ஒருத்தர் கேள்வி கேட்டுப் பதில் வாங்கணும்ங்கறதுதான் அவரோட நோக்கம்.

அந்த நோக்கத்த இன்னும் ஒரு படி தாண்டிக் கொண்டு போனது இந்த வெப் ஃப்ரேம்வொர்க்குங்க. ஜாங்கோ பொறந்தது ஒரு பத்திரிகை ஆபீஸ்ல. அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலம், லாரன்ஸ்னு ஒரு ஊரு. அங்க வர்ற உள்ளூர்ப் பேப்பரோட இணையதளத்துக்காக ஏட்ரியன் ஹொலொவாட்டி, சைமன் வில்லிசன்னு ரெண்டு பேரு 2003ல எழுத ஆரம்பிச்சாங்க. 2005 ஜூலையில ஊருக்கே தொறந்து விட்டாங்க. செய்தி ஆசிரியர் நாளைக்கே வேணும்பாரு, அதுக்குள்ள சைட்டு நிக்கணும். அந்த அவசரத்துல பொறந்ததால எல்லாமே சுருக்கு வழி. எஸ்.க்யூ.எல் எழுதவே வேண்டாம். நடைக்கப்புறம் ஒரு புள்ளி வெச்சு வண்டின்னு எழுதுனா வண்டி வந்து நிக்கும். இன்னொரு புள்ளி வெச்சு நம்பர்னு எழுதுனா நம்பர் வரும். ரயில்ஸ்லயும் இதே கததான், லாராவெல்லயும் இதே கததான்.

வசதிதான். ஆனா அந்தப் புள்ளிக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாமப் போயிடுது. அதுல ரெண்டு பள்ளம் இருக்கு. ஒண்ணு சின்னது, இன்னொண்ணு பெருசு.

*

சின்னப் பள்ளத்த மொதல்ல சொல்லிடறேன். மாசக் கணக்குல 150 நடை. பக்கத்துல ஒவ்வொரு வரியிலயும் தேதி, வண்டி நம்பர், டிரைவர் பேரு காட்டணும். ஜாங்கோ மொதல்ல ஒரு கேள்வி கேட்டு 150 நடையக் கொண்டாந்துடும். அப்புறம் முதல் வரியில புள்ளி வெச்சு வண்டி நம்பர் கேட்டதும் டேட்டாபேஸுக்கு இன்னொரு தடவ ஓடும். டிரைவர் பேருக்கு மறுபடி ஓடும். இப்படியே 150 வரிக்கும். மொத்தம் 301 கேள்வி. நூத்தம்பது மூட்டைய ஒரே லோடா ஏத்தாம, ஒரு மூட்டைக்கு ஒரு நடைன்னு லாரிய ஓட்டுனா எந்த ஓனராவது சும்மா இருப்பாரா? இதத்தான் என் பிளஸ் ஒன் பிரச்சினைன்னு சொல்றாங்க.

மருந்து சுலபம். ஒரு நடைக்கு ஒரு வண்டி, ஒரு டிரைவர்ங்கற மாதிரி ஒத்தையா இருக்கற சொந்தத்துக்கு செலக்ட் ரிலேட்டட். ஜாயின் போட்டு ஒரே கேள்வியில எல்லாத்தையும் கொண்டாந்துடும். ஒரு நடைக்குப் பல அட்வான்ஸ்ங்கற மாதிரி இருந்தா ப்ரீஃபெட்ச் ரிலேட்டட். இது ஜாயின் போடாது. நடையெல்லாம் வந்ததும், அந்த 150 நடைக்கும் உண்டான அட்வான்ஸ அள்ளிக் குடுன்னு இன்னொரே ஒரு கேள்வி கேட்டு, பைத்தான் பக்கம் வெச்சுக் கோத்துடும். 2012ல 1.4 பதிப்புல வந்த வசதி இது. ரயில்ஸ்ல இன்க்ளூட்ஸ், லாராவெல்ல வித், வேலை ஒண்ணுதான்.

இத ஏன் சின்னப் பள்ளம்னு சொல்றேன்னா, இது தானே காட்டிக் குடுத்துரும். பக்கம் தொறக்க பத்து செகண்டு ஆச்சுன்னா யாராவது திட்டுவாங்க, நாமளும் போய்ப் பாப்போம். ஆனா மெதுவா வந்தாலும் வர்ற பதில் சரியான பதில்.

*

பெரிய பள்ளத்துல பதில் சீக்கிரமா வரும். தப்பா வரும்.

சங்ககிரிக்குப் பக்கத்துல தெரிஞ்சவரு ஒருத்தரு அஞ்சு வண்டி வெச்சிருக்காரு. யாரோ எழுதிக் குடுத்த ஜாங்கோ ப்ரோகிராம்ல கணக்கு ஓடிட்டு இருந்துச்சு. ஆயுத பூசைக்கு முன்னாடி டிரைவருங்க கணக்க முடிக்கறது அவரு வழக்கம். அந்த வருசம் முடிக்கப் போனா, பழைய டிரைவர் ஒருத்தரு பேருல பாக்கி லட்சக்கணக்குல நிக்குது. ஓனரு மனசு கேக்காம என்னக் கூப்ட்டு, "தம்பி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க"ன்னாரு.

போனப்ப அந்த டிரைவரும் இருந்தாரு. அம்பது வயசத் தாண்டினவரு. சத்தம் போடல, சண்டை புடிக்கல. சட்டைப் பையிலருந்து மடிச்சு மடிச்சு நஞ்சு போன ஒரு சின்ன நோட்ட எடுத்து வெச்சாரு.

"தம்பி, கம்ப்யூட்டர்ல வந்தா சரியாத்தானுங்க இருக்கும். ஆனா நான் அத்தன பணம் வாங்குலீங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவே. மெஷின் பொய் சொல்லாதுன்னு அவரு நம்பறாரு. தன்னோட நோட்டையும் நம்பறாரு. ரெண்டும் முட்டிக்கிட்டா தன் மேலயே சந்தேகம் வருது. ஓனருக்கும் அதேதான். பல வருசமா நம்புன ஆளு, ஆனா ஸ்க்ரீன்ல நம்பர் நிக்குதே.

ஒரே ஒரு நடைய மட்டும் எடுத்துப் பாத்தோம். புரியறதுக்காக நம்பர முழுசா மாத்திச் சொல்றேன். அட்வான்ஸ் மூணு வரி: 10,000, 5,000, 3,000. ஆக 18,000. செலவு நாலு வரி: டீசல் 8,000, ஏத்துக்கூலி 2,500, பஞ்சர் 500, பேட்டா 3,000. ஆக 14,000. மிச்சம் 4,000. நோட்டுலயும் 4,000தான். ப்ரோகிராம் காட்டுனது என்ன தெரியுமா? அட்வான்ஸ் 72,000, செலவு 42,000, பாக்கி 30,000!

நடை டேபிளோட அட்வான்சையும் செலவையும் ஒரே கேள்வியில ஜாயின் போட்டுக் கூட்டியிருந்துச்சு. ஜாயின்னா என்ன? சாவி ஒத்துப்போற ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு வரியோடயும் ஜோடி சேக்கறது. இந்த அட்வான்ஸ் இந்தச் செலவுக்குன்னு எங்கயும் எழுதி வெக்கல. ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது நடை எண் மட்டுந்தான். அப்ப டேட்டாபேஸ் என்ன பண்ணும்? மூணு அட்வான்சையும் நாலு செலவோடயும் ஜோடி போட்டு பன்னெண்டு வரியா விரிச்சுடும். ஒவ்வொரு அட்வான்சும் நாலு தடவ வருது, ஒவ்வொரு செலவும் மூணு தடவ வருது. 18,000 நாலு மடங்கு 72,000. 14,000 மூணு மடங்கு 42,000. டேட்டாபேஸ் மேல தப்பே இல்ல. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொல்லியிருக்கு.

கூட்டறதுக்கு முன்னால இருக்கற அந்தப் பன்னெண்டு வரியையும் ஸ்க்ரீன்ல விரிச்சுப் போட்டேன். டிரைவர் கிட்ட வந்து கண்ண இடுக்கிப் பாத்தாரு. விரல வெச்சு எண்ணுனாரு.

"பத்தாயிரம் ஒருக்காத்தானுங்க வாங்குனேன். எதுக்குங்க நாலு தடவ எழுதிருக்குது?"

அவ்வளவுதாங்க. ஃபேன் அவுட்டுன்னு பேரு வெச்சு பக்கம் பக்கமா எழுதற சமாச்சாரத்த அவரு ஒரு வரியில கண்டுபுடிச்சுட்டாரு :-)

*

இது ஏன் அத்தன நாளா யார் கண்ணுலயும் படலைங்கறதுதான் யோசிக்க வேண்டிய விசயம்.

எல்லா நடைக்கும் ஒரே மாதிரி நாலு மடங்குன்னு வந்தா யாராவது கண்டுபுடிச்சிருப்பாங்க. அப்படி வராது. ஒரு நடையில ரெண்டு அட்வான்ஸ், அஞ்சு செலவு. இன்னொண்ணுல ஒரு அட்வான்ஸ், மூணு செலவு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மடங்கா வீங்கி, வருசக் கூட்டல்ல கலந்துடும். அதப் பாத்தா தப்பு மாதிரியே இருக்காது, நெறைய ஓடுன வண்டி மாதிரித்தான் இருக்கும். அதுலயும் செலவ வரி வரியா ஒழுங்கா எழுதிக் குடுக்கற டிரைவருக்குத்தான் அட்வான்ஸ் அதிகமா வீங்கும். பத்து வரி எழுதுனவருக்குப் பத்து மடங்கு. மொத்தமா ஒரே வரியில எழுதித் தள்ளுனவருக்கு அட்வான்ஸ் வீங்கவே வீங்காது. யோக்கியமாக் கணக்கு குடுத்தவரு தலையில பாக்கிய ஏத்தற ப்ரோகிராம்!

இன்னொண்ணு, பரிசோதனை. ப்ரோகிராம் எழுதறவங்க சோதிக்கறதுக்கு ஒரு நடை, ஒரு அட்வான்ஸ், ஒரு செலவுன்னு போட்டுப் பாப்பாங்க. ஒண்ணு பெருக்கல் ஒண்ணு ஒண்ணுதானே. பாஸ்!

இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. ஒண்ணுக்கு மேல கூட்டல் ஒரே கேள்வியில போட்டா தப்பான பதில் வரும்னு ஜாங்கோ கையேட்டுலயே எச்சரிக்கை போட்டிருக்காங்க. சப்க்வெரிக்குப் பதிலா ஜாயின் போடறதுதான் காரணம்னும் அதுலயே இருக்கு. 2009லயே குறைன்னு பதிவும் ஆயிருக்கு. ஆனா அந்தப் பக்கத்த வரி விடாம யாரு படிக்கறாங்க, சொல்லுங்க.

கையேட்டுல ஒரு நிவாரணமும் இருக்கு. டிஸ்டிங்ட்னு ஒரு சொல்லச் சேத்துக்கறது. எத்தன அட்வான்ஸ்னு எண்ணறதுக்கு அது போதும், ஏன்னா ஒவ்வொரு அட்வான்சுக்கும் தனி எண் இருக்கு. ஆனா தொகையக் கூட்டறதுக்கு அதப் போட்டீங்க, வேற வம்பு. டிரைவர் ரெண்டு தடவ 5,000 வாங்கியிருந்தா, ரெண்டும் ஒரே தொகைன்னு ஒண்ணத் தூக்கிப் போட்டுட்டு 5,000 மட்டும் காட்டும். இப்ப ஓனருக்கு நஷ்டம்!

சரியான வழி என்னன்னா, அட்வான்ஸ் டேபிள நடை வாரியாத் தனியாக் கூட்டணும். செலவு டேபிள நடை வாரியாத் தனியாக் கூட்டணும். அப்ப ஒவ்வொரு நடைக்கும் அட்வான்ஸ் ஒரே ஒரு நம்பர், செலவு ஒரே ஒரு நம்பர். அதுக்கப்புறம் ரெண்டையும் நடையோட சேக்கணும். ஜாங்கோவுல இதுக்கு சப்க்வெரியும் அவுட்டர் ரெஃபும் இருக்கு, 2017 ஏப்ரல்ல 1.11 பதிப்போட வந்துச்சு. அதுக்கு முன்னாடி எஸ்.க்யூ.எல்ல நேரா எழுதணும், இல்ல ரெண்டு கேள்வியாக் கேட்டு பைத்தான்ல கழிச்சுக்கணும். சுருக்கமா ஒரு வரியில மனசுல வெச்சுக்கலாம்: கூட்டிட்டு சேக்கணும், சேத்துட்டு கூட்டக்கூடாது.

அப்படியே இன்னொரு குழியையும் மூடிடுங்க. செலவே எழுதாத நடைக்குச் செலவுக் கூட்டல் பூஜ்யம்னு வராது, ஒண்ணுமே இல்லைன்னு வரும். நல்லுன்னு சொல்வாங்களே, அது. 18,000லருந்து அதக் கழிச்சா 18,000 வராது, அதுவும் நல்லுதான். அந்த நடையோட பாக்கியே காணாமப் போயிடும். கோயலஸ் போட்டு, ஒண்ணுமில்லைன்னா பூஜ்யம்னு எடுத்துக்கோன்னு சொல்லணும். பூஜ்யம் வேற, ஒண்ணுமில்லைங்கறது வேற. டிரைவருக்குக் குடுத்த பதினெட்டாயிரத்துக்கு இன்னும் கணக்கு வரலைன்னா அது கணக்குல தெரியணுமில்லையா?

*

இதெல்லாம் சரி பண்ணிட்டு அந்த டிரைவரோட நோட்டப் பெரட்டிப் பாத்தேன். இடது பக்கம் வாங்குனது, வலது பக்கம் செலவு. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில ஒரு கோடு, ஒரு கூட்டல். ரெண்டு கூட்டலையும் எடுத்து அடியில கழிச்சு ஒரு வட்டம். கூட்டிட்டுத்தான் சேத்திருக்காரு. வாங்குன ஒவ்வொரு காசையும் ஒவ்வொரு செலவோடயும் ஜோடி போட்டு எழுதணும்னு நோட்டுப் போட்ட எந்த மனுசனுக்கும் தோணாது. பேப்பர்ல பன்னெண்டு வரி எழுத வேண்டியிருந்தா மூணாவது வரியிலயே கை நின்னுடும். மெஷினுக்குக் கை வலிக்காது, பன்னெண்டாயிரம் வரின்னாலும் எழுதிக் கூட்டிப் போட்டுரும்.

புது பாக்கி ஸ்க்ரீன்ல வந்தப்ப ஓனரு நோட்டையும் ஸ்க்ரீனையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. முப்பது ரூவா வித்தியாசம் இருந்துச்சு. ஒரு டீக்கடைச் செலவு ப்ரோகிராம்ல ஏறாம விட்டுப்போயிருந்துச்சு. "அது கெடக்கட்டும் உடுங்க"ன்னாரு டிரைவர். "இல்லீங்கண்ணா, எழுதிருவோம்"னு ஓனரே உக்காந்து ஏத்துனாரு.

மத்த நாலு டிரைவருங்க கணக்கையும் அன்னைக்கே மறுபடி ஓட்டுனோம். எல்லாத்துலயும் வீக்கம் இருந்துச்சு. முந்தின வருசம் வேலைய விட்டுப் போன ஒருத்தரு கணக்கும் அதுல இருந்துச்சு. அவருக்கு ஓனரு போன் போட்டாரு, நான் கெளம்பற வரைக்கும் எடுக்கல. மறுபடி பேசறேன்னாரு.

பொட்டி தட்டற சிங்கங்களுக்கு மூணு விசயம் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். புள்ளி வெச்சு எழுதுனாலும், அது என்ன எஸ்.க்யூ.எல்லா மாறுதுன்னு ஒரு தடவ அச்சடிச்சுப் பாருங்க, ஜாங்கோ டீபக் டூல்பார்ல எத்தன கேள்வி ஓடுதுன்னு அப்படியே தெரியும். ரெண்டாவது, சோதனைக்கு எப்பவும் ஒரு நடை, மூணு அட்வான்ஸ், நாலு செலவு போடுங்க. அதுல ரெண்டு தொகை ஒண்ணா இருக்கட்டும், செலவே இல்லாத நடையும் ஒண்ணு இருக்கட்டும். மூணாவது, பாக்கின்னு ஒரு நம்பர மட்டும் காட்டாதீங்க. அதத் தொட்டா எந்தெந்த வரியிலருந்து வந்துச்சுன்னு விரியணும். வரி தெரிஞ்சாத்தான் யாரு பேருல பாக்கி நிக்குதோ அந்த ஆளு விரல வெச்சு, இது ஏன் நாலு தடவன்னு கேக்க முடியும்.

உங்க ஊர்ல வேற தொழில்ல இதே மாதிரி வீங்குன கணக்கு ஏதாவது பாத்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. கறிக்கோழிப் பண்ணைக் கணக்குல தீவனமும் மருந்தும் ஒண்ணையொண்ணு பெருக்கிக்கிட்ட கத ஒண்ணு எங்கிட்ட இருக்கு. அது அடுத்த பதிவுல.

டிஸ்கி: ஊரும் ஆளும் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாத்தியிருக்கேன். கணக்கு மட்டும் மாறல :-)